தேசத்தந்தை துங்குவும் நம் நாட்டின் எல்லைகளும்

பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் மலரில் மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா அல்-ஹாஜ் அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழுவினர் விரும்பினோம். அன்னாரின் வரலாறு நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடமாகவே தெரியும். மெர்டேக்கா அரங்கில் கையை உயர்த்தி நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்திராத வீடு இந்நாட்டில் இருக்காது. ஆகவே தெரிந்ததையே திரும்பச் சொல்லாமல், அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பக்கத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

துங்குவின் வாழ்நாளில் இந்த நாட்டின் எல்லைக்கோடுகள் பலமுறை மாறின. பிறந்த மண் அவர்கள் கண்முன்னே நாடு விட்டு நாடு கைமாறியது. பிரதமரான பின்னர் மூன்று அண்டை நாடுகளுடன் எல்லை குறித்த சிக்கல்களைச் சந்தித்தார்கள். எல்லையில் எழும் பூசல் ஒரு தேசத்தின் மனத்தை எப்படி மாற்றுகிறது, அச்சம் வந்தால் ஒரு சமூகம் தன் பக்கத்து வீட்டுக்காரரையே எப்படிச் சந்தேகிக்கத் தொடங்குகிறது என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் இந்நாட்டில் சிலரே. கடலுக்கு அப்பால் உறவுகளை வைத்துக்கொண்டு இங்கே வாழும் நமக்கு இந்தப் பாடம் அந்நியமானதன்று.

பினாங்கும் கெடாவும்

துங்குவின் கதை அவர்கள் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, நம் தீவில் தொடங்குகிறது. வடக்கே சயாமின் நெருக்குதலுக்கு ஆளான கெடா சுல்தான் அப்துல்லா, ஆங்கிலக் கம்பெனியின் படை உதவி கிடைக்கும் என்று நம்பி 1786இல் பினாங்கைப் பிரான்சிஸ் லைட்டிடம் ஒப்படைத்தார். தீவைப் பெற்றுக்கொண்ட கம்பெனி படை உதவியைத் தரவில்லை. 1791இல் தீவை மீட்கச் சுல்தான் பிறை ஆற்றங்கரையில் திரட்டிய படையை லைட் முறியடித்தார். அதன்பின் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று உடன்படிக்கை ஏற்பட்டது. 1800இல் எதிர்க்கரையின் ஒரு பகுதியும் செபராங் பிறையாகக் கம்பெனிக்குப் போயிற்று. தொகை 10,000 டாலர் ஆனது.

அஞ்சியபடியே 1821இல் சயாமியப் படை கெடாவுக்குள் புகுந்தது. சுல்தான் அகமது தாஜுத்தீன் பினாங்கில் தஞ்சம் புகுந்தார். கெடா மக்களும் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி இங்கு வந்தார்கள். கப்பித்தான் கெலிங் காதிர் முகைதீன் உயிரோடிருந்த காலம் அது. நம் முன்னோர் கடை வைத்திருந்த இதே தெருக்களில்தான் அந்த அகதிகளும் நடந்திருப்பார்கள். இடையில் ஓர் எல்லை புகுந்துவிட்டது என்பதைத் தவிர, பினாங்கும் கெடாவும் ஒரே குடும்பத்தின் இரு வீடுகளாகவே இருந்தன. அந்த அரச வம்சத்தில்தான் துங்கு பிறந்தார்கள்.

சயாமியத் தாயின் மகன்

1903ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அலோர் ஸ்டாரில் சுல்தான் அப்துல் ஹமீது ஹலீம் ஷாவின் இருபதாவது பிள்ளையாகத் துங்கு பிறந்தார்கள். தாயார் சே மஞ்சலாரா சயாமியர். பேங்காக்கை அடுத்த நொந்தபுரி மாவட்ட அதிகாரி ஒருவரின் மகள். கெடா அப்போது சயாமுக்குத் திறை செலுத்தும் நாடு. மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த பூமரங்கள் அலோர் ஸ்டாரிலிருந்து பேங்காக்குக்குப் போய்க்கொண்டிருந்தன.

துங்குவுக்கு ஆறு வயதானபோது, 1909 மார்ச் மாதத்தில், ஆங்கிலேயரும் சயாமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கும் ஆங்கிலேயர் வசம் வந்தன. பட்டாணியும், முன்பு கெடாவின் பகுதியாக இருந்த செத்தூலும் சயாமிலேயே தங்கின. அங்கு வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெடா அரச குடும்பத்தினர் அதைப் பெரிய அவமானமாகக் கருதினர். ஒரே மொழி பேசி, ஒரே கிப்லாவை நோக்கித் தொழுது, பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இரு நாட்டுக் குடிகளாயின.

தாய் ஒரு நாடு, தந்தை ஒரு நாடு, ஆள்பவர் மூன்றாவது நாடு. இந்நிலையில் வளர்ந்த சிறுவனை 1911இல் அண்ணன் துங்கு யூசுப் பேங்காக்கிற்கு அழைத்துச் சென்றார். அங்கே தேப்சிரின் பள்ளியில் சயாமிய மொழியில் பாடம். அண்ணனின் மறைவுக்குப் பின் ஊர் திரும்பிய துங்கு, அடுத்துச் சேர்ந்தது நம் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். அப்பள்ளி அப்போது ஃபார்குவார் தெருவில், இன்று மாநில அரும்பொருளகம் இருக்கும் கட்டடத்தில் நடந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து நடந்து போகும் தூரம்தான். பல இனப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்த அனுபவம் துங்குவுக்கு இந்த ஊர் தந்தது.

1920இல் கெடா அரசின் உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று, 1925இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார்கள். சட்டப்படிப்பு அத்தனை எளிதில் முடியவில்லை. காரிலும் குதிரைப் பந்தயத்திலும் காட்டிய ஆர்வத்தைப் புத்தகத்தில் காட்டவில்லை என்று பிற்காலத்தில் தாமே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். பாரிஸ்டர் ஆனது 1949இல், தம் 46ஆம் வயதில்தான். தோற்ற பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

இரவோடிரவாக வேற்று நாடான ஊர்

ஊர் திரும்பித் துங்கு கெடா ஆட்சிப் பணியில் சேர்ந்து பாடாங் தெராப், லங்காவி, சுங்கை பட்டாணி, கூலிம் ஆகிய இடங்களில் பணியாற்றினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். முதிய சுல்தானைப் பினாங்கிற்கு அழைத்துச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. மன்னர் தம் மக்களை விட்டுப் போகலாகாது என்று கருதிய துங்கு, வழியிலேயே தந்தையின் காரைத் திருப்பிச் சிடிமுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் குண்டுகள் விழுந்தன. அந்த நாளில் இந்த ஊர் இழந்த உயிர்களை மூத்தவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

1943 அக்டோபரில் கெடாவின் எல்லை மறுபடியும் மாறியது. ஜப்பானியர் நான்கு வடமாநிலங்களையும் சயாமுக்குக் கொடுத்துவிட்டனர். கெடா, சைபுரி என்ற பெயரில் சயாமிய மாநிலமாயிற்று. நெற்களஞ்சியமான கெடா ஒரு நாடு, மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த பினாங்கு இன்னொரு நாடு. அந்த நாட்களில் சயாம் மரண ரயில் பாதையிலிருந்து தப்பி, எலும்பும் தோலுமாக எல்லை தாண்டி வந்த தொழிலாளர்களுக்கு அலோர் ஸ்டாரில் தங்க இடமும் உணவும் ஏற்பாடு செய்தவர்களில் துங்குவும் ஒருவர். வந்தவர்களில் தமிழர் பலர். அவர்கள் எந்த நாட்டுக் குடி என்று கேட்டுக்கொண்டிருக்க அது நேரமன்று. பசித்த வயிறுதான் முன்னே நின்றது.

நாற்பது வயதுக்குள் தம் ஊர் சயாமிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து ஜப்பானியருக்கும், அவர்களிடமிருந்து மீண்டும் சயாமுக்கும் போனதைத் துங்கு கண்டார்கள். வல்லரசுகள் வரையும் கோடு காகிதத்தில் இருப்பது, மக்களின் ஒற்றுமை வேறு இடத்தில் இருப்பது என்பதை இதற்குமேல் யார் கற்றுத்தர முடியும்?

பாலிங் முதல் மெர்டேக்கா வரை

1951 ஆகஸ்டு 26இல் அம்னோவின் தலைமையைத் துங்கு ஏற்றார்கள். ம.சீ.ச., ம.இ.கா. ஆகியவற்றுடன் சேர்ந்த கூட்டணி, 1955 தேர்தலில் 52 இடங்களில் 51ஐ வென்றது. அதே ஆண்டு டிசம்பர் 28, 29 தேதிகளில், சயாம் எல்லையை ஒட்டிய கெடாவின் பாலிங் சிற்றூரில், கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கைத் துங்கு நேரில் சந்தித்தார்கள். காட்டுக்குள் ஏழு ஆண்டுகளாகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை. பேச்சு முறிந்தது. கம்யூனிஸ்டுக் கட்சியைச் சட்டபூர்வமாக ஏற்கத் துங்கு இணங்கவில்லை. கொரில்லாக்கள் எல்லைக்கு அப்பால் பெத்தோங் காடுகளுக்கு ஒதுங்கினர். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது.

நம் சட்டைப் பையில் இருக்கும் அடையாள அட்டை பிறந்ததும் அந்த அவசரகாலத்தில்தான். யார் நாட்டவர், யார் ஊடுருவியவர் என்று பிரித்தறிய 1948இல் அது கொண்டுவரப்பட்டது. பாதுகாப்புக்காக வந்த அட்டை, நாளடைவில் நாம் யார் என்பதற்கே சான்றாகிவிட்டது.

1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றபோது நம் சமூகத்தின் முன் ஒரு பெரிய கேள்வி நின்றது. அதுவரை கடல் ஒரு நடைபாதை. ரஜூலா கப்பலில் ஏறினால் நாகப்பட்டினம். அங்கே மனைவி மக்கள், இங்கே கடை. ஆண்கள் இரண்டு மூன்றாண்டு உழைப்பதும், ஊர் போய்வருவதுமாக வாழ்ந்தனர். இனி ஏதேனும் ஒரு கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடுதலை நாளிலிருந்து இம்மண்ணில் பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை, குறிப்பிட்ட காலம் வாழ்ந்தவர்களுக்குப் பதிவின் வழியே குடியுரிமை என்ற ஏற்பாட்டுக்குத் துங்கு இணங்கினார்கள். அவர்கள் கட்சியிலேயே அதை எதிர்த்தவர்கள் உண்டு. சயாமியத் தாய்க்குப் பிறந்த ஒருவர், ஒருவரின் பற்றை இரத்தத்தை வைத்து எடைபோட மாட்டார் என்பதில் வியப்பில்லை.

இன்னொன்றும் அன்று நடந்தது. 1786இல் கெடாவின் கைவிட்டுப்போன பினாங்கு, கெடா இளவரசர் ஒருவரின் தலைமையில் கெடாவோடு ஒரே நாட்டில் விடுதலை பெற்றது. பினாங்கு தனியே பிரிந்து நிற்க வேண்டும் என்ற இயக்கம் 1948இல் இங்கே எழுந்து அடங்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

கொன்ஃப்ரண்டாசி

1961 மே 27இல் சிங்கப்பூரில், மலாயாவும் சிங்கப்பூரும் போர்னியோ பகுதிகளும் இணையலாம் என்ற யோசனையைத் துங்கு வெளியிட்டார்கள். அதிலிருந்து ஐந்தாண்டுகள் எல்லைப் பூசல்தான். 1962 ஜூனில் பிலிப்பைன்ஸ் சபாவின் மேல் உரிமை கோரியது. அதற்கு முந்திய ஆண்டுதான் மலாயா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தன. அது முடங்கியது. டிசம்பரில் புருணையில் கிளர்ச்சி. 1963 ஜனவரியில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோ, மலேசியத் திட்டத்துக்கு எதிராகக் கொன்ஃப்ரண்டாசி என்னும் மோதல் கொள்கையை அறிவித்தார்.

துங்கு பேசிப் பார்க்கத் தயங்கவில்லை. மணிலாவில் சுகர்ணோவுடனும் மக்காபகாலுடனும் அமர்ந்தார்கள். ஐ.நா. குழு வந்து சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறியட்டும் என்பதை ஏற்று, ஆகஸ்டு 31இல் பிறக்கவேண்டிய மலேசியாவைத் தள்ளிவைத்தார்கள். மக்கள் விரும்புகிறார்கள் என்றே குழு சொன்னது. செப்டம்பர் 16இல் மலேசியா மலர்ந்தது. மறுநாளே இரு நாட்டு உறவு முறிந்தது.

போர்னியோ காடுகளில் தொடங்கிய மோதல் 1964 ஆகஸ்டில் ஜொகூரின் பொந்தியான் கரைக்கும், செப்டம்பரில் லாபிஸில் இறங்கிய வான்குடைப் படையினராகத் தீபகற்பத்தின் உள்ளேயும் வந்தது. இளைஞர்கள் தேசிய சேவைக்குப் பதிந்துகொள்ள அழைக்கப்பட்டனர். இன்னும் கைக்குழந்தையான நாடு, தன் பெயரையே ஏற்க மறுக்கும் பெரிய அண்டை நாட்டைக் கண்டு அஞ்சியது. அந்த அச்சத்திலிருந்து ஓர் ஒற்றுமை பிறந்தது என்பதும் உண்மை. கூட்டணி 1964 பொதுத் தேர்தலில் பெருவெற்றி பெற்றது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேச்சோடு மலேசியர் என்ற சொல்லும் மக்கள் நாவில் புழங்கத் தொடங்கியது.

நம் பினாங்கிற்கோ இது வயிற்றில் அடித்த சண்டை. மேடானும் ஆச்சேயும் கடலுக்கு அந்தப் பக்கம்தான். வடசுமத்ராவின் சரக்குகள் தலைமுறை தலைமுறையாகப் பினாங்குத் துறைமுகம் வழியாகவே உலகுக்குப் போயின. இந்தோனேசியா வணிகத்தை நிறுத்தியதும் தொங்காங்குகள் சும்மா நின்றன. மூட்டை தூக்கியவர், கணக்கெழுதியவர், பணம் மாற்றியவர், துறைமுகத் தொழிலாளிக்கு நாசி கண்டார் விற்றவர் என்று அந்தக் கடலை நம்பியிருந்தோர் அனைவர் வீட்டிலும் அடுப்பு மந்தமானது. அவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்பதைச் சூலியா தெருவின் பழைய குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். சுமத்ராவில் தொழில் செய்த உறவினரோடு கடிதப் போக்குவரத்தும் நின்றது. நேற்றுவரை வியாபாரக் கூட்டாளி, இன்று எதிரி நாட்டவர்.

நாட்டுக்குள்ளே கொடுத்த விலை

எல்லையில் நெருப்பு எரியும்போது அதன் புகை வீட்டுக்குள்ளும் வரும். இதைச் சொல்லாமல் துங்குவின் வரலாற்றை எழுதினால் அது புகழ்மாலையாக மட்டுமே இருக்கும்.

1965 தொடக்கத்தில் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலர் இந்தோனேசியாவுடன் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். துங்குவின் அமைச்சரவையில் முன்பு இருந்த அப்துல் அஜீஸ் இஷாக்கும் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு மார்ச் மாதம், மோதல் நிலையைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

இதன் கனத்தைப் பினாங்கு மக்கள் அறிவார்கள். மலாயாவிலேயே முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. மலாயாக் கூட்டரசின் முதல் மாநகரமும் இதுவே. 1957 ஜனவரி முதல் நாள் அந்தத் தகுதி கிடைத்தது. முதல் மேயர் தமிழரான டி. எஸ். ராமநாதன். குப்பை, குழாய்த் தண்ணீர், பேருந்து, சந்தை என்று அன்றாட வாழ்வை நடத்தியவர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தனர். 1966இல் மாநகராட்சி மன்றத்தின் அதிகாரம் மாநில அரசிடம் போனது. கொன்ஃப்ரண்டாசி முடிந்தும் தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி முறையை ஆராய அமைத்த அரச ஆணையம், ஆதி. நாகப்பன் தலைமையில், தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றே பரிந்துரைத்தது. அதுவும் ஏற்கப்படவில்லை. சண்டை மூன்றாண்டில் தீர்ந்தது. அதற்காக எடுத்த தற்காலிக நடவடிக்கை இன்றுவரை தீரவில்லை.

குடியுரிமை பெறாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. அதுவும் துங்குவின் ஆட்சிக் காலமே. பத்திரம் எழுதத் தெரியாமலோ, ஊரில் இருந்த குடும்பத்தை நினைத்துத் தயங்கியோ, காலம் தாழ்த்தியோ பதியாமல் போன பல்லாயிரம் இந்தியர்கள் ஊர் திரும்ப நேர்ந்தது. நம் சமூகத்திலும் பலர் பாதி ஆயுளை உழைத்த ஊரைவிட்டுக் கப்பலேறினர். ஒரு நாடு தன் எல்லையை வரைந்துகொள்வது நியாயமே. ஆனால் அந்தக் கோடு சில வேளைகளில் ஒரு கடைக்காரரின் கல்லாப் பெட்டிக்கும் அவர் மகனின் படுக்கைக்கும் இடையே விழுந்துவிடுகிறது.

நமக்கு நேர்ந்த சோதனைகள்

பிற நாடுகளின் எல்லைப் பூசலும் துங்குவைத் தொட்டது. 1962 அக்டோபரில் இமயத்தில் சீனப்படை நுழைந்த அந்நாட்களில் துங்கு இந்தியாவில் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். ஊர் திரும்பியதும் வெளிப்படையாக இந்தியாவின் பக்கம் நின்று, ஜனநாயகத்தைக் காக்கும் நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சீனர் பெருந்தொகையாக வாழும் நாட்டில் ஒரு பிரதமர் இப்படிச் செய்தது துணிவான செயல்.

1965இல் காஷ்மீரை முன்னிட்டு இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. பாதுகாப்பு மன்றத்தில் மலேசியாவின் பேராளராக இருந்தவர் ஆர். ரமணி என்ற தமிழர். அவர் பேச்சு இந்தியாவுக்குச் சாய்வானது என்று சொல்லிப் பாகிஸ்தான் அக்டோபரில் மலேசியாவுடன் உறவை முறித்துக்கொண்டது. மார்க்கத்தால் ஒரு பக்கமும், பூர்வீகத்தால் மறுபக்கமும் இழுக்கப்படும் நம்மைப் போன்றோரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் சார்பா, இவர்கள் சார்பா என்று தேநீர்க் கடையில் கேட்போருக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை. மலேசியரே என்ற ஒரே விடைதான் அதற்கு இருந்தது, இருக்கிறது. துங்கு அந்தப் பேராளரைக் கைவிடவும் இல்லை, பாகிஸ்தானைப் பகைக்கவும் இல்லை. அடுத்த ஆண்டே உறவு மலர்ந்தது.

அதே 1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் பிரிந்தது. இலண்டனில் அக்கி நோயால் படுத்திருந்தபோது துங்கு எடுத்த கடினமான முடிவு அது. இரத்தம் சிந்துவதைவிடப் பிரிவது மேல் என்று அவர்கள் கருதினார்கள். 1967இல் ஜொகூர் பாலத்தில் கடப்பிதழ் கேட்கத் தொடங்கினர். அண்ணன் பினாங்கில், தம்பி சிங்கப்பூரில் என்று கடை நடத்திய குடும்பங்களுக்கு அது புதிய எல்லை.

சமாதானம் தேடிய பேங்காக்

1966இல் சுகர்ணோவின் செல்வாக்கு சரிந்ததும் சமாதானப் பேச்சு பேங்காக்கில் நடந்தது. ஆகஸ்டு 11இல் ஜகார்த்தாவில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஓராண்டுக்குள், 1967 ஆகஸ்டு 8இல், நேற்று மோதிய இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை தாய்லாந்து, சிங்கப்பூருடன் சேர்ந்து ஆசியானை அமைத்தன. அதுவும் பேங்காக்கில்தான். எட்டு வயதில் துங்கு பள்ளிக்கூடம் போன ஊர் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1909 கோட்டுக்கு அப்பால் பட்டாணியிலும் செத்தூலிலும் துங்குவின் இனத்தவரும் மார்க்கச் சகோதரர்களும் வாழ்ந்தனர். செத்தூல் தம் மூதாதையரின் மண். சுகர்ணோவும் மக்காபகாலும் பழைய உரிமைகளைக் கிளறியது போல் அவர்களும் கிளறியிருக்கலாம். துங்குவின் அரசு ஒருபோதும் அந்த நிலத்துக்கு உரிமை கோரவில்லை. உறவைக் காக்க நிலம் கேட்கத் தேவையில்லை, வாசல் திறந்திருந்தால் போதும் என்று எண்ணியிருக்க வேண்டும்.

1968இல் சபா விவகாரம் மீண்டும் மூண்டு பிலிப்பைன்ஸுடன் உறவு முறிந்தபோதும் பதற்றத்தை வளர விடவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அது சீரானது. வெளியே இத்தனை பூசல்களைத் தணித்தவர்களுக்கு, 1969 மே 13இல் தம் தலைநகருக்குள்ளேயே வெடித்த கலவரம் தாங்க முடியாத அடியாயிற்று. எல்லையைக் காத்தும் உள்ளம் பிளவுபட்டால் என்ன ஆகும் என்பதை நாடு அன்று கண்டது. 1970 செப்டம்பரில் துங்கு பதவி விலகினார்கள்.

பினாங்கின் பெரியவர்

அதன்பின் உலக முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்புக்கு முதல் பொதுச் செயலாளராக 1973 வரை ஜெத்தாவில் பணியாற்றினார்கள். வாழ்வின் பிற்பகுதியைக் கழிக்கத் தேர்ந்தது நம் பினாங்கை. அவர்கள் வீடு இருந்த ஆயர் ராஜா சாலை இன்று அவர்கள் பெயரையே தாங்கியிருக்கிறது. நம் சங்கம் தவழத் தொடங்கிய ஆண்டுகளில் துங்கு இதே ஊரில் வாழ்ந்தார்கள் என்பது நமக்கு ஒரு மகிழ்ச்சி.

இங்கிருந்து வெளிவந்த தி ஸ்டார் நாளிதழில் வாரந்தோறும் எழுதினார்கள். தம் தவறுகளையும் எழுதினார்கள், ஆட்சியிலிருந்தவர்களின் தவறுகளையும் எழுதினார்கள். 1987 அக்டோபரில், நாட்டின் பாதுகாப்பு என்ற காரணம் கூறி நூற்றுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டபோது அந்த இதழும் நிறுத்தப்பட்டது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அந்தச் சட்டம் 1960இல், துங்கு பிரதமராக இருந்தபோது, கம்யூனிஸ்டுகளை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. எல்லையில் இருந்த எதிரிக்காகச் செய்த கத்தி, கடைசியில் அதைச் செய்தவர்களின் எழுதுகோலையே அறுத்தது. அந்தக் கசப்பை அவர்கள் மறைக்கவில்லை.

1989 டிசம்பர் 2இல், எல்லைக்கு அப்பால் ஹாட் யாயில், சின் பெங் ஆயுதத்தைக் கீழே வைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். பாலிங்கில் தொடங்கி முறிந்த பேச்சு 34 ஆண்டுகளுக்குப் பின் முடிவுக்கு வந்ததைக் காணத் துங்கு உயிரோடு இருந்தார்கள். ஓராண்டு கழித்து, 1990 டிசம்பர் 6இல், தம் 87ஆம் வயதில் வஃபாத்தானார்கள். அலோர் ஸ்டாரை அடுத்த லங்கார் அரச கபர்ஸ்தானில், முன்னோருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

நாம் எடுத்துக்கொள்வது

பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போகும் நம் பிள்ளைகள் மூடா ஆற்றுப் பாலத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அது இரு அரசுகளின் எல்லை. அதன் இரு கரைகளிலும் படை நின்றது, அகதிகள் நின்றனர், அரிசிக்காகக் காத்துக்கிடந்தனர். இன்று அங்கே ஒரு பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அந்த நிலை தானாக வந்ததன்று.

எல்லைகளைக் காக்கப் படை வேண்டும் என்பதைத் துங்கு மறுத்ததில்லை, காத்தும் காட்டினார்கள். ஆனால் பகைவரைப் பார்த்து நாம் யார் என்று தெரிந்துகொள்ளும் நாடு, பகை தீர்ந்ததும் உள்ளுக்குள் புதிய பகைவரைத் தேடத் தொடங்கும். அவர்கள் வாழ்வின் வெற்றிகளும் சறுக்கல்களும் சேர்ந்து இதையே நமக்குச் சொல்கின்றன. இரு கரைகளில் வேர் உள்ள நம் சமூகத்துக்கு இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. நேற்று நம்மை யாரோ அந்நியர் என்று பார்த்தது போல், இன்று கூலி வேலைக்கு இங்கு வந்திருக்கும் பிற நாட்டு ஏழைகளை நாம் பார்க்கலாகாது.

சயாமியத் தாயின் மடியில் வளர்ந்து, எல்லா இனத்தாரையும் தம் பிள்ளைகளாகக் கொண்ட மர்ஹூம் துங்கு அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்று, அல்லாஹ் அன்னாருக்குச் சுவனத்தில் உயர்ந்த இடத்தை அருள்வானாக. ஆமீன்.